மணல் துடைத்த படம்

டெல்பினா நுஃபாப்லேக்கு 'முடியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. இலோயிலோ நகரத்தின் எந்தப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தாலும், ஞானத்தாயாக நிற்க யாரைக் கேட்கலாம் என்ற பேச்சு வந்தால் அவள் பெயரில்தான் போய் நிற்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெற்ற பிள்ளை ஒன்றும் இல்லை; ஞானப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவளுக்கே மறந்துவிட்டது. கிறிஸ்துமஸ் காலையில் அவள் வீட்டு வாசலில் அந்தப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து, "என்ன டெல்பி, அரிசி போடறாங்களா?" என்று அண்டை வீட்டார் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது.

ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் பெட் ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. கதிர் ஏற்றிய சர்க்கரையை நரம்பில் செலுத்தி, நோயாளியைக் கொஞ்ச நேரம் அசையாமல் படுக்க வைப்பாள். உடம்பில் எங்காவது புற்று ஒளிந்திருந்தால் அது பசி தாங்காமல் அந்தச் சர்க்கரையை முந்திக்கொண்டு தின்னும். தின்ற இடத்தை எந்திரம் படத்தில் கறுப்பாகக் காட்டிக் கொடுக்கும்.

அந்த மருந்துக்குத்தான் ஆயுள் குறைவு. விடியும் முன் செபூ தீவில் தயாராகி, முதல் விமானத்தில் வந்து சேரும். வரும் வழியிலேயே தேய்ந்துகொண்டு வரும். இரண்டு மணி நேரம் தாமதமானால் பாதி போய்விடும். மருந்து குறைந்தால் உடம்பிலிருந்து வரும் கதிர் குறையும். கதிர் குறைந்தால், எந்திரம் கணக்குப் போட்டுக் கட்டுகிற படத்தில் யாரோ மணலை வாரி இறைத்தது போலப் புள்ளிகள் விழும். காதில் கேட்காவிட்டாலும் அந்தத் தொழிலில் அதற்கு இரைச்சல் என்றுதான் பெயர்.

அதை அடக்கக் கணினியில் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து சமப்படுத்திவிடலாம். அளவாகக் கலந்தால் படம் தெளியும். அளவு மீறினால் மணலோடு சேர்ந்து, மணல் அல்லாததும் கரைந்துபோகும்.

இதெல்லாம் டெல்பினாவுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் துடைத்து வைத்தாற்போன்ற படங்களை எடுப்பவள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் பால்மாரெஸுக்கு மணல் என்றாலே ஆகாது. "டெல்பி, நான் பார்க்க வேண்டியது கல்லீரல். நீ எனக்கு வில்லா கடற்கரையைக் காட்டாதே" என்பார். அவளும் ஒரு நாளும் காட்டியதில்லை.

அந்த ஜூலை மாதக் காலையில் பருவமழை பிடித்துக்கொண்டது. விமானம் வந்து இறங்குவதற்குள் மருந்து நொந்துபோயிருந்தது. ஐந்து பேருக்கென்று வந்தது, முறைப்படி கொடுத்தால் மூன்று பேருக்குத்தான் காணும். மீதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் அவர்கள் எல்லோரும் முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. ஒருவர் குய்மாராஸ் தீவிலிருந்து மழையில் படகேறி வந்தவர். இன்னொருவர் அந்திகேயிலிருந்து மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கி வந்தவர். அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிப் போகச் சொல்வது?

இப்படிப்பட்ட நாட்களில் டெல்பினா வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. இருப்பதை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் எந்திரத்துக்குள் கூடுதல் நேரம் வைத்திருப்பாள். மருந்தின் குறையை நேரம் ஈடுகட்டிவிடும். அன்றும் அப்படியே சமாளித்திருப்பாள். அதற்குள் மிலாக்ரோஸ் வந்து நின்றாள்.

மிலாக்ரோஸ் அவளுடைய ஞானமகளைப் பெற்றவள். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். மார்பில் வந்த புற்று குணமாகி வெகு காலம் ஆகியும், பயம் போகாமல் வருடம் ஒரு முறை படம் எடுத்துக்கொள்கிறவள்.

"மாரே, என்னையும் இன்னிக்கே சேர்த்துக்கோ."

"உன் நாள் அடுத்த வாரம்தானே, மாரே?"

"அடுத்த வாரம் நான் துபாய்ல இருப்பேன். உன் ஞானமக டிக்கெட் போட்டுட்டா. ரிப்போர்ட் கையில இல்லாம ப்ளேன் ஏறினா நடுவானத்துல எனக்கு மூச்சு நின்னுடும்."

"மருந்து ரொம்பக் கம்மியா வந்திருக்கு."

"எனக்கு ஒரு சொட்டு போதும். நான் என்ன எருமையா? பாரு, காபிகூடக் குடிக்காம வந்திருக்கேன். ஊர்ல இருக்கிற பிள்ளைக்கெல்லாம் நீ அம்மா. எனக்கு மட்டும் கதவைச் சாத்துவியா?"

டெல்பினாவின் வாயில் அந்தச் சொல் வரவில்லை. ஐந்து பங்கு ஆறானது. மருந்து தேய்வதற்குள் ஆறு பேரையும் முடிக்க வேண்டுமே என்று ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் நேரத்தையும் குறைத்தாள்.

ஐந்தாவதாகப் படுத்தவர் அன்செல்மோ. அந்திகேயின் சான் ஹோசே ஊர்க்காரர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். குடலில் புற்று வந்து அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவும் ஏற்றி முடித்திருந்தார். நோய் போய்விட்டதா இல்லையா என்று இந்தப் படம்தான் சொல்ல வேண்டும். ஆனால் மனிதர் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார். "இந்தாய்," என்று தங்கையைக் கூப்பிடுவது போல அவளைக் கூப்பிட்டார். "இந்தக் குழாய்க்குள்ள நல்லா ஜில்லுனு இருக்கு. கப்பல் கிச்சன்ல இப்படி ஒரு இடம் குடுத்திருந்தா நான் கரையே ஏறியிருக்க மாட்டேன்."

"அசையாம படுங்க மானோங். சிரிச்சா படம் ஆடும்" என்று அவளும் அண்ணனிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் சிரிக்கல. வயிறுதான் பசியில உறுமுது. அதையும் அடங்கச் சொல்லு."

படம் வந்தது. உடம்பு முழுக்க மணல். கல்லீரலின் மேல் ஓரத்தில் ஒரு மணல் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது. டெல்பினாவின் கை நின்றது. அது வெறும் இரைச்சலா, நோயா? கண்டுபிடிக்க ஒரு வழி அவளுக்குத் தெரியும். எடுத்த நேரத்தை முற்பாதி, பிற்பாதி என்று பிரித்துத் தனித்தனியே இரண்டு படமாகக் கட்டிப் பார்க்க வேண்டும். இரைச்சல் என்றால் ஒரு படத்தில் இருக்கும் புள்ளி மற்றதில் இருக்காது. நோய் என்றால் இரண்டிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "மாரே, எனக்கு ஏத்தினது எல்லாம் ஆறிப்போகுது. இன்னும் எவ்வளவு நேரம்?"

டெல்பினா இரண்டாகப் பிரிக்கவில்லை. கலக்கும் அளவை ஏற்றினாள். மணல் மறைந்தது. கல்லீரல் ஆற்றில் கிடந்த கூழாங்கல் போல வழுவழுப்பாயிற்று. அந்தக் கறுத்த புள்ளி எங்கே இருந்தது என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது. மாலையில் டாக்டர் பால்மாரெஸ் அந்தப் படத்தைப் பார்த்து, "அழகு" என்று சொல்லி, நோய் இல்லை என்று எழுதினார்.

அன்று முதல் டெல்பினாவுக்குச் சோறு இறங்கவில்லை. அது மணல்தான், மணல்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். செபமாலை உருட்டும்போதும் அந்தப் புள்ளியே கண்ணில் நின்றது. கண்ணால் பார்த்த பிறகு துடைத்தவள் அல்லவா அவள்? பார்க்காமலே விட்டவளுக்கு மன்னிப்பு உண்டு. பார்த்துவிட்டுத் துடைத்தவளுக்கு?

மூன்றாம் வாரம் அன்செல்மோ தன் மனைவியோடு வந்தார். கொஞ்சிங் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மாள் குள்ளமாக, கட்டுமஸ்தாக, சந்தையில் மீன் விற்கிறவளின் உரத்த குரலோடு இருந்தாள். கையில் ஒரு கூடை நிறையக் கருவாடு.

"நீதானா அந்தப் பொண்ணு? இவர் சொல்லிச் சொல்லி எனக்கு உன்மேல சந்தேகமே வந்துடுச்சு" என்று சிரித்தாள். பிறகு சட்டென்று கண் கலங்கி, டெல்பினாவின் கையை எடுத்து முத்தமிட்டாள். "சுத்தமா இருக்காராம்மா. இனி மருந்தே வேண்டாம், ஒரு வருஷம் கழிச்சு வந்தா போதும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. உன் பேரைச் சொல்லி நவநாள் செபம் வெச்சிருக்கேன்."

"மறுபடியும் கப்பல்ல கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார் அன்செல்மோ. "செப்டம்பர்ல மணிலாவில ஏறணும். உப்புத் தண்ணியைப் பார்த்தாத்தான் எனக்குப் பசியே எடுக்கும்."

அவர்கள் போன பிறகு அந்தக் கூடையை அவளால் தொட முடியவில்லை. நவநாள் செபம். அவள் பெயரில். ஒன்பது நாள் ஒரு பெண் மெழுகுவர்த்தி ஏற்றி, இந்தப் பாவியின் பெயரைக் கடவுளிடம் சொல்லியிருக்கிறாள். டெல்பினா கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து விட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். அன்று எந்திரம் பதிந்துவைத்த அன்செல்மோவின் கதிர்க் கணக்கு இன்னும் அழியாமல் இருந்தது. முற்பாதியைத் தனியே கட்டினாள். மணல் நடுவே, கல்லீரலின் மேல் ஓரத்தில், அந்தப் புள்ளி. பிற்பாதியைக் கட்டினாள். சுற்றியிருந்த மணலெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. அந்தப் புள்ளி மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்து டாக்டர் பால்மாரெஸைக் கூப்பிட்டாள். அவர் நின்றபடியே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது யாருடையது?"

"அந்திகேயிலிருந்து வந்தாரே, கப்பல் சமையல்காரர். நீங்க அழகுன்னு சொன்ன படம், டாக்."

"ஏன் இவ்வளவு மணல்? அன்னிக்கு மருந்து கம்மியா?"

"கம்மி. அதையும் நான் ஆறு பேருக்குப் பிரிச்சேன். ஆறாவது ஆள் வரிசையிலேயே இல்லாதவ. என் மாரே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் மணலைக் காட்டாதே காட்டாதேன்னு உன் காதுல ஓதினேன். நீ காட்டல" என்றார் கடைசியில். "சரி. மறுபடி எடுத்தாத்தான் நிச்சயம் சொல்ல முடியும். எந்திரத்தைச் சோதிக்கறோம், இலவசமா ஒரு படம் எடுக்கறோம்னு சொல்லி அவரைக் கூப்பிடு. வேற ஒண்ணும் சொல்லாதே. உன் வேலைக்காகச் சொல்றேன். என் வேலைக்காகவும்தான்."

அதற்கும் அவளுக்கு 'முடியாது' என்று சொல்ல வரவில்லை. சொன்னபடியே தொலைபேசியில் கூப்பிட்டாள். "எந்திரத்துக்கு உடம்பு சரியில்லையா? வந்து பார்த்துட்டாப் போச்சு" என்று அன்செல்மோ சிரித்தார்.

துபாயிலிருந்து திரும்பிய மிலாக்ரோஸ், பேரீச்சம்பழப் பெட்டியோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அவளிடம் மட்டும் டெல்பினா எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க மிலாக்ரோஸின் முகம் சுருங்கியது.

"அப்போ நான் அந்த மனுஷனோட பங்கைத் திருடிட்டேன்னு சொல்றியா?"

"குடுத்தது நான், மாரே. உன்னைச் சொல்லல."

"சொல்லாம என்ன? நாளைக்கு யாராவது கேட்டா என் பேர்தானே வரும்? இலோயிலோவில ஒருத்தர் மூஞ்சியிலயும் நான் முழிக்க முடியாது. டாக்டரே சும்மா இருன்னு சொல்லிட்டாரு. அந்த ஆளுக்குப் படம் எடுத்துக் குடு, வைத்தியம் பார்க்கட்டும். நடந்ததைச் சொன்னா அவர் கல்லீரல் சரியாயிடுமா? உன் மனசுதான் லேசாகும். உன் மனசு லேசாக என்னை ஏன் சந்தியில நிறுத்தறே?"

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்தது. அதுதான் அவளை அறுத்தது. சொல்ல நினைப்பது அந்த மனிதருக்காகவா, தன் நெஞ்சின் பாரத்தை இறக்கி வைக்கவா?

விமானம் நேரத்துக்கு வந்த ஒரு தெளிந்த காலையில் அன்செல்மோவும் கொஞ்சிங்கும் வந்தார்கள். இந்த முறை கூடையில் வாழையிலையில் பொதிந்த அரிசிப் பலகாரம். "படம் எடுத்ததும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடலாம். உங்க எந்திரத்துக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றாள் கொஞ்சிங்.

அன்செல்மோ சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். "இந்தாய், எந்திரம் ஒழுங்கா இருக்கான்னு பார்க்க என்னைவிட்டா ஊர்ல வேற நல்ல உடம்பு கிடைக்கலையா?"

டெல்பினா ஊசியோடு நின்றாள். இந்தப் படத்தில் அந்தப் புள்ளி தெரிந்தால், புதிதாக வந்தது என்றுதான் இவர்கள் நினைப்பார்கள். விதி என்று அழுவார்கள். கடவுளைத் திட்டுவார்கள். அவளை மட்டும் வாழ்த்திக்கொண்டே இருப்பார்கள். சாகும்வரை அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு அவள் இருக்க வேண்டும். அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"எந்திரத்துக்கு ஒண்ணும் இல்ல, மானோங். பொய் சொல்லிக் கூப்பிட்டேன்."

இருவரும் சிரிக்கக் காத்திருப்பவர்கள் போல அவளைப் பார்த்தார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். விமானம் தாமதமானது, மருந்து தேய்ந்தது, வரிசையில் இல்லாத ஒருத்திக்காக எல்லோருடைய பங்கையும் நேரத்தையும் குறைத்தது, படம் மணலாக வந்தது, அந்தப் புள்ளியைத் தான் பார்த்தது, பார்த்துவிட்டுத் துடைத்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அழுதால் அவர்கள்தான் அவளைத் தேற்றுவார்கள். அப்படிப்பட்ட மனிதர்கள் அவர்கள்.

"யார் அந்த ஒருத்தி?" என்று கேட்டாள் கொஞ்சிங். சந்தைக் குரல் எங்கோ போயிருந்தது.

"எனக்கு வேண்டியவ. கேட்டவ மேல தப்பில்ல. குடுத்தவ நான்."

"அவளுக்கு நோய் இருந்துச்சா?"

"இல்ல."

கொஞ்சிங் எழுந்தாள். மேசைமேல் வைத்திருந்த பலகாரக் கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அந்தக் கூடை மேசையைவிட்டுப் போனது டெல்பினாவுக்குக் கன்னத்தில் விழும் அறையைவிட வலித்தது.

அன்செல்மோ தன் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கப்பல் செப்டம்பர்ல" என்றார் யாரிடமோ சொல்வது போல. பிறகு, "சொல்லாம இருந்திருந்தா நடுக்கடல்ல தெரிஞ்சிருக்கும், இல்லையா?" என்றார். ஆமென்று அவள் தலையசைத்தாள். "சொன்னதுக்காக உன்னை மன்னிக்கணுமான்னு எனக்குத் தெரியல இந்தாய். இப்போ என்னைக் கேக்காதே. ஊசியைப் போடு."

முழு அளவு மருந்து. முழு நேரம். படம் வந்தபோது டெல்பினா கலக்கும் அளவைத் தொடவில்லை. டாக்டரை அருகில் உட்கார வைத்துக்கொண்டாள். லேசான மணலுக்கு நடுவே, மேல் ஓரத்தில், இப்போது யாரும் மறுக்க முடியாதபடி அது இருந்தது. ஒன்றே ஒன்று. சிறியது. வெட்டி எடுக்கக்கூடிய இடம். டாக்டர் பால்மாரெஸ் தானே எழுந்து வெளியே போய் அவர்களிடம் சொன்னார். முதல் அறிக்கை தவறு என்றும், அதில் தன் கையெழுத்தும் இருக்கிறது என்றும் சொன்னார்.

கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். கப்பல் அவர் இல்லாமலே போயிற்று. மருத்துவமனை டெல்பினாவைச் சில வாரம் வீட்டில் உட்கார வைத்தது. அந்த வேலை தெரிந்த வேறு ஆள் அகப்படாததால் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. மிலாக்ரோஸ் கோயிலில் அவளைக் கண்டால் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். விமானம் தாமதமான நாட்களில் டெல்பினா வெளியே வந்து, பசியோடு காத்திருப்பவர்களிடம் யார் யார் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். கல்நெஞ்சுக்காரி என்று ஒரு கிழவர் அவள் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்வது அவளுக்கு எளிதாக இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

வெட்டின புண் ஆறிய பிறகு, மறுபடி படம் எடுக்க அன்செல்மோ வந்தார். இளைத்திருந்தார். நகைச்சுவை ஏதும் பேசவில்லை. அவருக்கு முன்னால் கொஞ்சிங் வந்து நின்றாள்.

"நீ மருந்தை ஊசியில எடுக்கறப்போ நான் பார்க்கணும்" என்றாள்.

"உள்ள கதிர் இருக்கும், மானாங். வெளியாளு வரக்கூடாது."

"எங்கிருந்து பார்க்கலாமோ அங்கிருந்து பார்க்கறேன். ஆனா பார்க்கணும். எவ்வளவு இருக்கணும், எவ்வளவு இருக்குன்னு எனக்குக் காட்டணும்."

டெல்பினா அவளை ஈயக் கண்ணாடி பதித்த சன்னலுக்கு வெளியே நிறுத்தினாள். உள்ளே போய் மருந்தை எடுத்து அளக்கும் கருவியில் வைத்தாள். அதில் எண் ஒளிர்ந்தது. அன்செல்மோவின் எடைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். கொஞ்சிங் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, தாளில் இருந்த எண்ணையும் கருவியின் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். மீன் எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை அது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பிரியமும் இல்லை. டெல்பினா தலையைக் குனியாமல் அதன் முன்னால் நின்றாள்.

"சரி" என்றாள் கொஞ்சிங். "இப்போ போய்ப் போடு."